மந்திரியின் நுரையீரல்

கூடாரப் பண்டிகைக்கு முந்தின நாள் காலை, பெரெபெத்துவா தன் காளையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சதுப்போரத்து யூதக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். காளையின் பெயர் மந்திரி. எதிரே லாரி வந்தாலும் நடுச்சாலையை விட்டு இறங்காது. தொண்டைச் சதை ஆட, யாரையும் பார்க்காமல் நடக்கும். அதனால் அந்தப் பெயர்.

பின்னால் கசாப்புக்காரன் சுவைபு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“உங்களுக்கெல்லாம் தனியா ஒரு கூடாரப் பண்டிகை எதுக்கு? ரெண்டு மாசமா கூடாரத்துலதானே குடும்பம் நடத்துறீங்க!”

தார்ப்பாய்களுக்கு அடியிலிருந்து சிரிப்பு எழுந்தது.

“இவ்வளவு நாள் ஒத்திகை, சுவைபு. இன்னைக்குப் பொழுது சாஞ்சாத்தான் நெசம்,” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் நௌமே.

யோத்தாம் சிரிக்கவில்லை. கத்தியின் வாயை நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தில் எங்காவது இடறினால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பல் விழுந்த கத்தியால் அறுத்தது அவர்களுக்கு ஆகாது. இடறவில்லை. திருப்பிப் பிடித்து மறுபடி இழுத்தான்.

ஆகஸ்டில் ம்போலோகோமா ஆறு சதுப்பைத் தாண்டி ஏறி வந்திருந்தது. நெல் போயிற்று. மண்ணுக்குள் இருந்த மரவள்ளிக் கிழங்கு அழுகிப் போயிற்று. மண்சுவர்கள் கரைந்து உட்கார்ந்துவிட்டன. பதினைந்து குடும்பமும் ஜெப ஆலயம் இருந்த மேட்டில் ஏறிக்கொண்டதால் உயிர் எதுவும் போகவில்லை. அன்று மாலையே ஹஜாத்தி ஜைத்தூனி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். தலையில் ஒரு பானை. அதில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. மெக்காவுக்குப் போய் வந்த அந்த அம்மாள்தான் அடிகுழாய்ச் சங்கத்தின் தலைவி.

சந்தை முக்கில் இருக்கும் அடிகுழாய் ஒரு வறட்சியில் உடைந்து போனபோது மசூதிக்காரர்களும் மாதா கோயில்காரர்களும் ஜெப ஆலயத்துக்காரர்களும் கூடி அதைச் சரிசெய்தார்கள். குழாய் சரியான பிறகும் கூட்டம் கலையவில்லை. யார் வீடு எரிந்தாலும், யார் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை இல்லையென்றாலும் அடிகுழாய்ச் சங்கம் போய் நின்றது. இந்த வெள்ளத்தில் அது யூதர்கள் பக்கம் நின்றது. தார்ப்பாய், கம்பளி, சோப்பு, மக்காச்சோள மாவு, பயறு. இரண்டு மாதமாகக் குடியிருப்பே களியும் பயறும்தான் தின்றது. வயிறு நிறைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயற்றுப் பானையைத் திறந்தால் பிள்ளைகள் ஆவியைப் பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

சங்கத்தின் கூட்டத்தில் பெரெபெத்துவா எழுந்து நின்றாள். “பண்டிகையன்னைக்கு யாராவது பயறு திம்பாங்களா? மந்திரியைத் தர்றேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. நாலு பசு, ஒரு காளை. பிள்ளைகள் எல்லாம் கம்பாலாவில். அவள் அந்தக் காளையோடு பேசிக்கொண்டே போவதை ஊரே பார்த்திருக்கிறது. யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வேறு பேச்சு கிடையாது.

அந்த வட்டாரத்தில் யூத முறைப்படி அறுக்கப் படித்தவன் யோத்தாம் ஒருவன்தான். கல்லூரியில் கணக்குப் படித்தான். பிறகு ம்பாலேயில் தங்கி இந்த வேலையைக் கற்றான். இப்போது மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான். அதனால் எல்லாருக்கும் அவன் வாத்தியார். போன வருஷப் பண்டிகை முடிந்து சில வாரத்தில் அவன் மனைவி லோகோசே காய்ச்சலில் போனாள். அதற்குப் பிறகு கேட்டதற்குப் பதில் சொல்வான். பதில் எவ்வளவு சின்னதாக இருக்க முடியுமோ அவ்வளவு. வலி என்று எதுவும் தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. ஊர் அவனை அப்படியே விட்டுவிட்டது. லோகோசேயின் தங்கை நௌமே மட்டும் விடவில்லை.

“மச்சான், இன்னைக்காவது நல்ல சட்டை போட்டிருக்கக் கூடாதா? மந்திரி வந்திருக்காரு.”

“ரத்தம் படும்.”

“ரெண்டு வார்த்தை! காலையிலேயே கை தாராளமா இருக்கு!”

காளையைக் கீழே சாய்க்க மாதா கோயிலிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரியவரான கொத்தனார் யொசெஃபாத் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார். “வழக்கம் போல பின்னங்கால் ரெண்டும் எங்களுக்குத்தானே வாத்தியாரே?”

பின்பகுதியில் தின்னக் கூடாத நரம்பும் கொழுப்பும் எடுக்க ஒரு நாள் ஆகும் என்பதால் யூதர்கள் அதை அக்கம்பக்கம் கொடுத்துவிடுவார்கள். யோத்தாம் தலையை அசைத்தான்.

“பார்த்தீங்களா,” என்றான் சுவைபு, “மோசே எழுதி வெச்சது உங்களுக்குத்தான் லாபம்.”

பெரெபெத்துவா காளையின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு கயிற்றை யொசெஃபாத்திடம் கொடுத்துவிட்டு, பெண்கள் நின்ற பக்கம் போய்ப் புறங்காட்டி நின்றாள்.

நாலு காலையும் சேர்த்துக் கட்டிக் கிடத்தினார்கள். யோத்தாம் வலது கையில் கத்தியை எடுத்தான், ஆசீர்வாதத்தைச் சொன்னான். அதே நேரத்தில் காளையின் தலையைப் பிடித்திருந்த சுவைபு தன் பங்குக்கு உதட்டுக்குள் பிஸ்மி சொல்வது கேட்டது. ஒரு முறை முன்னே, ஒரு முறை பின்னே. அழுத்தம் இல்லை, நிறுத்தம் இல்லை. அவ்வளவுதான். கை ஒழுங்காகச் செய்தது. கையைப் பற்றி அவனுக்கு எப்போதும் கவலை இருந்ததில்லை.

“பிஸ்மி நீ எதுக்குச் சொன்னே?” என்று யொசெஃபாத் கேட்டார்.

“ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதானே. எங்க ஆள் யாராவது கேட்டா வாயை அடைச்சுடலாம்.”

சுவைபு தோலை உரித்தான். பெண்கள் உப்பும் பாத்திரமும் கொண்டுவந்து வைத்தார்கள். நிலக்கடலை இடிக்கும் சத்தம் எங்கோ தொடங்கியது. யோத்தாம் முழங்கைவரை கழுவிக்கொண்டு, விலாவுக்குள் கையை விட்டான். வெட்டி எடுப்பதற்கு முன்னாலேயே, நுரையீரல் இருந்த இடத்தில் இருக்கும்போதே, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வலது பக்கம் வழுவழுவென்று இருந்தது. இடது பக்கத்தில் விரல் நின்றது.

ஒரு நார். நுரையீரலிலிருந்து விலாவுக்கு, சுண்டு விரல் நீளத்துக்கு.

எல்லா நாரும் கெடுதல் இல்லை. மெதுவாகத் தேய்த்தால் சில உரிந்து வந்துவிடும். அடியில் நுரையீரல் முழுசாக இருந்தால் கறி ஆகும். இதுவும் உரிந்து வந்தது. நுரையீரலை வெளியே எடுத்தான். மூச்சுக்குழாயை வாயில் வைத்து ஊதப்போனபோது சுவைபு சைக்கிளிலிருந்து பம்பைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

“இதுல ரெண்டு அடி அடிச்சா போதுமே வாத்தியாரே!”

“வேண்டாம்.”

வாயால்தான் ஊதினான். இளஞ்சிவப்பாகத் தலையணை மாதிரி உப்பியது. பக்கத்தில் வைத்திருந்த பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. நார் இருந்த இடத்தைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தான்.

ஒரு குமிழி வந்தது. சின்னது. கடுகளவு. மேலே வந்து உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சுற்றி அறுபது பேர் இருந்தார்கள். பேசினுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அவனும் சுவைபுவும்தான். சுவைபுவுக்கு இதன் அர்த்தம் தெரியாது. கையை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், குமிழி வராது. பிள்ளைகள் இன்று ராத்திரி கறி தின்பார்கள். பெரெபெத்துவா மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போவாள். யாருக்கும் தெரியாது.

அவனுக்குத் தெரியும். அவன் சொல்லை நம்பித்தான் இவர்கள் சாப்பிட வாயைத் திறக்கிறார்கள். வேறு எதற்காகவும் அவன் இங்கே இல்லை.

மூன்றாவது குமிழிக்காகக் காத்திருந்தான். அதுவும் வந்தது.

“என்ன ஆச்சு?” என்றான் சுவைபு.

“ஆகாது.”

“எது ஆகாது?”

“காளை. எங்களுக்கு ஆகாது.”

இதோடு நிறுத்தியிருக்க வேண்டியவன் சுவைபு. ஆனால் அவனுக்கு எந்தச் செய்தியையும் உள்ளங்கையில் வைத்திருக்கத் தெரியாது. நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்துக் கத்தினான். “காளை கெட்டுப் போச்சாம்! நுரையீரல் கெட்டுப் போச்சாம்!”

நிலக்கடலை இடிக்கும் சத்தம் நின்றது.

பெரெபெத்துவா திரும்பினாள். காளையைப் பார்க்கவில்லை, யோத்தாமைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றாள். அவன் பேசினில் கையை வைத்தபடி இருந்தான். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்தாள்.

யொசெஃபாத்துக்கு முகம் கறுத்துவிட்டது. “எங்க தார்ப்பாய் நல்லது. எங்க பயறு நல்லது. எங்க காளை மட்டும் கெட்டதா? காலையில நீங்களும் பார்த்தீங்களே, அதுல என்ன கெட்டுப் போயிருந்துச்சு?” அவரோடு வந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். “அழுக்குக் காளை கொடுத்தோம்னு நாளைக்கு ஊர்ல பேசுவாங்க. நல்ல பேர்!”

குடியிருப்புப் பெண்கள் உப்புப் பாத்திரங்களை ஓரமாக நகர்த்தினார்கள். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளை யாரோ தார்ப்பாய்க்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஹஜாத்தி ஜைத்தூனி மாவு மூட்டைகள் வைத்திருந்த கொட்டகையிலிருந்து வந்தாள். மூச்சு வாங்கியது. கனத்த உடம்பு.

“வாத்தியாரே, நெசமாவே ஆகாதா?”

“ஆகாது.”

“கொஞ்சம் கூட?”

“ஓட்டை இருக்கு, ஹஜாத்தி.”

“சரி. உங்க சட்டம் உங்களுக்கு. அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. மசூதியில ஒருத்தர் கொடுக்கலைன்னா இன்னொருத்தர்கிட்டக் கேப்பேன். மாதா கோயில்ல எல்லாரும் பெரெபெத்துவா முகத்தைத்தான் பார்ப்பாங்க. அவ மனசு முறிஞ்சா சங்கம் பாதி முறிஞ்ச மாதிரி. இன்னும் உங்களுக்கு வீடு கட்டணும், விதை வாங்கணும். அதையெல்லாம் விடு. அவ அந்தக் காளையை எப்படி வளர்த்தான்னு நான் பார்த்திருக்கேன்.”

“தெரியும்.”

நௌமே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கேலி இல்லை.

“மச்சான், நீ ஒரு வார்த்தை சொன்னே. அந்த ஒரு வார்த்தைக்கு சுவைபு உரை எழுதிட்டான். அக்கா இருந்திருந்தா உனக்குப் பதிலா அவ பேசியிருப்பா. இப்ப அவ இல்லை. நீதான் போகணும். போய் நூறு வார்த்தை சொல்லு.”

அவன் எழுந்தான். கையைக் கழுவவில்லை. ஏன் என்று யோசிக்காமலே பேசினைத் தூக்கிக்கொண்டான்.

வரப்பு வழியாக ஓடினான். தண்ணீர் தளும்பி முழங்காலில் வழிந்தது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், பேசினில் மிதந்ததைப் பார்த்துவிட்டு ஓரமாக இறங்கி நின்றார். கணக்கு வாத்தியாரை இப்படி ஒரு கோலத்தில் பார்க்க யாருக்கும் கொடுத்து வைத்ததில்லை.

பாப்பிரஸ் கோரைப் புதர் முடிகிற இடத்தில் அவளைப் பிடித்துவிட்டான்.

“அம்மா, நில்லுங்க.”

“எதுக்கு? கயித்தையும் திருப்பிக் கொடுக்கணுமா?”

“காளை கெட்டுப் போகலை. சுவைபு தப்பாச் சொல்லிட்டான்.”

“நீதானே ஆகாதுன்னே?”

“ஆமா. ஆகாது. ஆனா கெட்டது இல்லை.”

“இது என்ன கணக்கு வாத்தியாரே? பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறியா?”

வேத மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. கிழிபட்டது என்று பொருள். அதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும். சுத்தமில்லை என்றால் அழுக்கு என்று கேட்கும். தகுதியில்லை என்றால் அவமானம். அவன் நின்று யோசித்தான். அவள் பொறுமையில்லாமல் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

“அம்மா, உங்க குலத்துக்கு முஸீரோ என்ன?”

அந்த நாட்டில் இதை யாரும் யாரிடமும் கேட்கலாம். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிராணி உண்டு. அந்தக் குலத்தார் அதை மட்டும் தின்ன மாட்டார்கள்.

“காட்டு மான். அதுக்கு இப்ப என்ன?”

“காட்டு மான் கெட்டதா?”

“யார் சொன்னது? அந்த மாதிரி அழகு எந்தப் பிராணிக்கு உண்டு? எங்க பாட்டனுக்குப் பாட்டன் அது முதுகுல...” அவள் நிறுத்தினாள். “நாங்க தின்ன மாட்டோம், அவ்வளவுதான். நீ தின்னுக்கோ. யார் வேணாலும் தின்னுக்கலாம். எங்களுக்கு மட்டும் ஆகாது.”

“இதுவும் அப்படித்தான். மந்திரி எங்களுக்கு முஸீரோ ஆயிட்டாரு.”

அவள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். “மாடு உங்க முஸீரோ இல்லையே. போன வருஷம் திங்கலை?”

“எல்லா மாடும் இல்லை. இந்த மாதிரி அடையாளம் உள்ள மாடு மட்டும்.”

“முஸீரோவை யாராவது அறுப்பாங்களா? நீதானே அறுத்தே!”

“அடையாளம் உள்ளே இருந்துச்சு. அறுத்த பிறகுதான் தெரிஞ்சுது.”

இதை அவள் கொஞ்சம் எடைபோட்டுப் பார்த்தாள். “எங்க சித்தப்பா ஒருத்தர் தெரியாம மான் கறி தின்னுட்டு உடம்பெல்லாம் தடிச்சுக் கிடந்தார். உங்க ஆளுங்களுக்கும் தடிக்குமா?”

“தடிக்காது. மனசு உறுத்தும்.”

“அது அதைவிட மோசம்,” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “என்ன அடையாளம்? காட்டு.”

அவன் பேசினை வரப்பில் இறக்கி வைத்தான். இடது மடலைத் திருப்பிப் பிடித்தான். நார் உரிந்த இடம் வெளுத்து, கொஞ்சம் சுருங்கி, தையல் போட்ட துணி மாதிரி இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்தாள். விரலை நீட்டினாள். தொடலாமா என்று கண்ணால் கேட்டாள். அவன் தலையை அசைத்தான்.

“இது எப்படி வந்துச்சு?”

“சின்ன வயசுல எப்பவோ நெஞ்சுல சளி கட்டி நோவு வந்திருக்கு. அது ஆறும்போது விலாவோட ஒட்டிக்கிச்சு. இது அந்தத் தழும்பு. நார் உரிஞ்ச இடத்துல ஊசிமுனை ஓட்டை, அதுதான் எங்களுக்கு அடையாளம்.”

அவள் விரலை எடுக்கவில்லை.

“கன்னா இருந்தப்ப இருமுச்சு,” என்றாள். “மழைக்காலம் பூரா. கால்நடை டாக்டர் வந்தார். பார்த்துட்டு, இது தேறாது, இன்னைக்கே சுவைபுகிட்ட ஓட்டிட்டுப் போன்னார். நான் ஓட்டலை. அடுப்பங்கரையில கட்டிப்போட்டு, தைல மர இலையை வேகவெச்சு ஆவி காட்டினேன். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு மூச்சு வருதான்னு கையை வெச்சுப் பார்ப்பேன். இங்கதான். இந்தப் பக்கம்தான் களகளன்னு கேக்கும்.”

“இந்த இடம்தான்.”

“அப்ப நெசமாவே ஆறியிருக்கு.”

“ஆறியிருக்கும்மா. சுத்தமா ஆறியிருக்கு. இவ்வளவு பெரிய நோவு வந்த கன்னு பிழைக்காது. டாக்டர் சொன்னது தப்பு இல்லை. நீங்க விடலை, அதனால பிழைச்சிருக்கு. பிழைச்சு, நடுச்சாலையில லாரியை நிறுத்துற அளவுக்கு வளர்ந்திருக்கு. இந்தத் தழும்பு இல்லைன்னா கறி எங்களுக்கு ஆகியிருக்கும். ஆனா தழும்பு இல்லைன்னா காளையே இருந்திருக்காது.”

அவன் இவ்வளவு பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெரெபெத்துவா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க எதுவும் இல்லை. அவள் முகத்தில் இருந்தது பெருமை.

“டாக்டர் தோத்தார்,” என்றாள். “நான் ஜெயிச்சேன். எல்லாரும் சும்மா அதிர்ஷ்டம்னாங்க.”

ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் பேசுகிற குரல். அவன் அதைக் கேட்டு நாளாகியிருந்தது. அது தன்னைக் குத்தும் என்று நினைத்தான். குத்தவில்லை. குந்தி உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் கேட்டான். தைல இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கன்று பானை மூடியை எத்தனை தடவை உதைத்துத் தள்ளியது என்று எல்லாம் சொன்னாள்.

பிறகு எழுந்து, பேசினைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

குடியிருப்பில் யொசெஃபாத் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். பெரெபெத்துவா பேசினை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். “பாரு. நான் வைத்தியம் பார்த்த இடம். ஆறின தழும்பு. அதனால இது இவங்களுக்கு முஸீரோ.”

“முஸீரோவா?” யொசெஃபாத்தின் தோள் இறங்கியது. “முஸீரோன்னு முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! கெட்டதுன்னா சொல்லுவாங்க?”

எல்லாரும் சுவைபுவைப் பார்த்தார்கள்.

“நான் என்ன கண்டேன்?” என்றான் சுவைபு. “எங்க கடையில ஆகாதுன்னா கெட்டதுன்னுதான் அர்த்தம்.”

“உங்க கடையில கெட்டதும் ஆகுமே,” என்றாள் நௌமே.

சிரிப்பு அடங்கும்வரை ஹஜாத்தி காத்திருந்தாள். பிறகு கையைத் தட்டினாள். அவள் கையைத் தட்டினால் அடிகுழாயடியில் வரிசையே நேராகும்.

“சரி. இப்ப கறி கிடக்கு, தின்ன வேண்டியவங்க தின்ன முடியாது. வாத்தியாரே, கோழி அறுத்தா உங்களுக்கு ஆகுமா?”

“ஆகும்.”

“அதுக்கும் ஊதிப் பார்க்கணுமா?”

“வேண்டாம். கோழிக்கு இந்தச் சோதனை இல்லை.”

“அல்லாவுக்குப் புகழ். கேளுங்க எல்லாரும். மந்திரி கறி வேணும்கிற வீடு உயிரோட கோழி கொண்டு வரணும். பின்னங்கால் முன்னங்கால் எல்லாம் போகும். வேதக்காரங்க அறுத்தது எங்களுக்கு ஆகும், பிஸ்மி வேற சொல்லியாச்சு. யொசெஃபாத், கோயில் மணியை அடிச்சுச் சொல்லு. சுவைபு, நீ சைக்கிள்ல மசூதிப் பக்கம் போ. தயவுசெஞ்சு நான் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லு.”

மதியத்துக்குள் கோழிகள் வரத் தொடங்கின. கக்கத்தில் இடுக்கியபடி, கூடையில் மூடியபடி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கியபடி. சேவல், பெட்டை, கழுத்தில் முடியில்லாத நாட்டுக்கோழி. ஒருவர் வாத்து கொண்டுவந்து, ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றதும் வாத்துக்கு இரண்டு பங்கு கறி வேண்டும் என்றார். மாதா கோயில் பாடகர் குழுப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வான்கோழியை இழுத்து வந்தார்கள். அது அவர்களைத்தான் இழுத்து வந்தது போலிருந்தது. ஒரு தாத்தா முயலோடு வந்தார்.

“முயல் ஆகாது தாத்தா,” என்றாள் நௌமே.

“அதுவும் முஸீரோவா?”

“அது மோசே காலத்து முஸீரோ.”

தாத்தா முயலை மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கறி மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

யோத்தாம் சின்னக் கத்தியை எடுத்தான். கோழிக்கு அறுத்தபின் ரத்தத்தை மண்ணால் மூட வேண்டும். பிள்ளைகள் சாம்பலும் உலர்ந்த மண்ணும் அள்ளி வந்து குவித்தார்கள். ஒவ்வொன்றாக வந்தது. ஆசீர்வாதம், கத்தி, மண். நகத்தில் கத்தியைப் பார்ப்பான், அடுத்தது. பெரெபெத்துவா தன் பங்குக்கு வீட்டுக்குப் போய் மூன்று பெட்டைகளோடு திரும்பி வந்து அவன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். காளைக் கறியை அவள் வாங்கவில்லை. “எனக்கும் அது முஸீரோதான்,” என்றாள் ஹஜாத்தியிடம். ஹஜாத்தி வற்புறுத்தவில்லை. யோத்தாமின் இடது கை சோர்ந்தபோது பெரெபெத்துவா கோழிகளைச் சிறகோடு சேர்த்துப் பிடித்து, தலையைப் பின்னால் மடித்து நீட்டினாள். இரண்டாவது கோழியிலேயே கை பழகிவிட்டது.

இறகு பிடுங்கும் பெண்கள் வெந்நீர் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கோழியை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நிலக்கடலைக் குழம்பு கொதித்தது. கேழ்வரகுக் களிக்கு யாரோ மாவு கொண்டுவந்திருந்தார்கள். தார்ப்பாய்களுக்கு நடுவே பாப்பிரஸ் தட்டை வேய்ந்த பண்டிகைக் கூடாரம் ஒன்று, மூன்று பக்கம் சுவரோடு, தயாராக நின்றது. அதன் கூரையில் பிள்ளைகள் ஆரஞ்சுப் பழங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதையும் மசூதிப் பக்கத்திலிருந்துதான் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

வெயில் சதுப்பின் பக்கம் சாய்ந்தது.

“ராத்திரி இங்கதான் சாப்பிடணும்,” என்று நௌமே பெரெபெத்துவாவிடம் சொன்னாள். “முதல் கோழி உங்களுக்கு.”

“வான்கோழி கால் கொடுத்தா இருக்கேன்,” என்றாள் பெரெபெத்துவா. பிறகு யோத்தாம் பக்கம் திரும்பினாள். “வாத்தியாரே, என் செவலைப் பசு ஜனவரியில கன்னு போட்டுச்சு. காளைக் கன்னு. அது உயிரோட இருக்கும்போதே உள்ள எப்படியிருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியாதா?”

“முடியாதும்மா.”

“அப்ப அறுத்தாத்தான் தெரியும்.”

“ஆமா.”

“சரி. நாலு வருஷம் போகட்டும். அப்ப வர்ற பண்டிகைக்குத் தர்றேன். நீதான் அறுக்கணும். இருப்பியா?”

அவன் கத்தியை நகத்தில் இழுத்தான். நாலு வருஷம். லோகோசே போனதிலிருந்து அவன் நாளையைத் தாண்டி எதையும் எண்ணியதில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தும். நாலு வருஷம் என்றால் அவனுக்கு முப்பத்து மூன்று. மேல்நிலைப் பள்ளியில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் கடைசி வகுப்புகளுக்குப் போயிருப்பார்கள். இந்த மேட்டில் சுவர் வைத்த வீடுகள் இருக்கும். அதில் ஒன்று அவனுடையதாகவும் இருக்கலாம். கத்தி எங்கும் இடறவில்லை.

“இருப்பேன்,” என்றான். பிறகு, அது போதாது என்று தோன்றியது. “கன்னை ராத்திரி ஈரத்துல கட்டாதீங்கம்மா. மழை பிடிச்சா உள்ளே கட்டுங்க. லேசா இருமினாலும் ஆள் அனுப்புங்க. பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பார்க்கிறேன். சனிக்கிழமை மட்டும் வர முடியாது, ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுவேன்.”

அண்டாப் பக்கமிருந்து நௌமே இறகு ஒட்டிய கையை உயர்த்தினாள். “யாராவது மச்சானை நிறுத்துங்கப்பா. இன்னும் கோழி இருக்கு, பொழுது போகுது!”

“நீ இறகைப் பிடுங்கு,” என்றான் யோத்தாம், பெரெபெத்துவா பக்கம் கையை நீட்டிக்கொண்டே. “அடுத்ததைக் கொடுங்கம்மா.”